சவரக் கத்தியைத் தீட்டுவது எப்படி?

மழுங்கிய கத்தியைக் கல்லில் தேய்த்தால் கூர்மை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தேய்ப்பதால் ஏன் கூர்மை வரவேண்டும்? தரையில் தேயும் செருப்பு கூர்மையாவதில்லை. தேயத் தேய அதன் ஓரம் உருண்டு போகிறது. கத்திக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? இதற்கு விடை தெரிந்துகொண்டால் தீட்டும் கலையில் பாதி கைவந்த மாதிரிதான்.

பழைய மடக்குச் சவரக் கத்தியையே எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் முடிதிருத்தும் கடைகளில் இதுதான் இருந்தது. ஒருவர் இரத்தத்திலுள்ள கிருமி இன்னொருவருக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, ஆளுக்கொரு புது பிளேடு மாட்டும் கத்தி இப்போது வந்துவிட்டது. அது நல்ல மாற்றமே. ஆனால் கல்லிலும் வாரிலும் கத்தியைத் தீட்டத் தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன. அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது சாதாரண விஷயமல்ல என்பது என் கருத்து. கல்லூரித் தாவரவியல் ஆய்வுக்கூடத்திலும் இதே இனத்துக் கத்தியால்தான் தண்டைக் குறுக்காகச் சீவிப் பார்த்தார்கள். கத்தி மழுங்கியிருந்தால் செல்கள் நசுங்கிவிடும். நுண்ணோக்கியில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

சரி, கூர்மை என்றால் என்ன? இரண்டு தளங்கள் ஒரு நேர்கோட்டில் சந்திக்கும் என்று வடிவகணிதத்தில் படித்திருப்பீர்கள். கத்தியின் இரு பக்கங்களும் அப்படித்தான் சந்திக்கின்றன. ஆனால் ஏட்டிலுள்ள கோட்டுக்கு அகலம் கிடையாது. எஃகில் உள்ள கோட்டுக்கு உண்டு. அந்த அகலம் எவ்வளவு குறைவோ, கத்தி அவ்வளவு கூர்மை. ஆகவே கல்லில் நாம் தேய்ப்பது கத்தியின் வாயை அல்ல, அதன் இரு பக்கங்களை. பக்கங்கள் தேயத் தேய இரு தளங்களும் நெருங்கி வந்து, உருண்டு போயிருந்த பகுதி மறைந்து, மறுபடியும் ஒரு கோட்டில் சந்திக்கின்றன. செருப்புக்கும் கத்திக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். கத்தியின் வாய் 70 மில்லிமீட்டர் நீளம். அதன் அகலம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0001 மில்லிமீட்டர். (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) பரப்பு 0.007 சதுர மில்லிமீட்டர். இதன்மேல் 100 கிராம் எடை அளவுக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு நியூட்டன் விசை கொடுத்தால், அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 1,400 மடங்கு! வாய் மழுங்கி இரண்டு மைக்ரான் அகலமாகிவிட்டால், அதே விசைக்கு அழுத்தம் 70 மடங்குதான். அப்போது நாம் என்ன செய்வோம்? விசையைக் கூட்டுவோம். கத்தி சறுக்கும், கன்னம் கிழியும். கூரான கத்தியைவிட மழுங்கிய கத்தியே ஆபத்தானது என்று அனுபவசாலிகள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி கோணம். அரிவாள்மணையையோ காய்கறிக் கத்தியையோ தீட்டும்போது எந்தக் கோணத்தில் சாய்த்துப் பிடிப்பது என்பது நம் கையைப் பொறுத்தது. சவரக் கத்தியில் அந்தத் தொல்லை இல்லை. அதன் முதுகு தடிமனானது. கத்தியைக் கல்லில் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒரே சமயத்தில் கல்லைத் தொடும். முதுகின் தடிமன் 5 மில்லிமீட்டர், முதுகிலிருந்து வாய்வரை 18 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 2.5-ஐ 18-ஆல் வகுத்து சைன் அட்டவணையைப் பார்த்தால் 8 பாகை கிடைக்கும். இரு பக்கமும் சேர்த்து 16 பாகை. தீட்டும்போது வாயோடு முதுகும் தேய்வதால், பல ஆண்டு தீட்டினாலும் இந்தக் கோணம் அதிகம் மாறாது. இந்த அமைப்பை முதலில் எண்ணிப் பார்த்தவர் யாராயினும் கெட்டிக்காரர்தான்.

கோணத்தைக் கத்தியே பார்த்துக்கொள்கிறது என்றால் புதிதாகக் கற்பவருக்கு என்ன கஷ்டம்? அழுத்தம்தான். சீக்கிரம் கூராகட்டும் என்று எல்லோரும் அழுத்துகிறார்கள். வாயருகே எஃகு காகிதத்தைவிட மெல்லியது. அழுத்தினால் அது கல்லை விட்டு மேலே வளைந்துகொள்ளும். நுனியில் மெல்லிய பிசிறு எழும்பும். விரலுக்கு அது கூர் போலத் தோன்றும், முதல் சவரத்திலேயே ஒடிந்துவிடும். கத்தியின் சொந்த எடையே பெரும்பாலும் போதும்.

நீர் தெளித்த கல்லின்மேல் வாய் முன்னே செல்லுமாறு கத்தியைத் தள்ள வேண்டும். கோடிக்குப் போனதும் முதுகின்மேல் புரட்டி, மறுபக்கத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். முதுகு எப்போதும் கல்லை விட்டு எழக்கூடாது. முதலில் சற்றுச் சொரசொரப்பான கல். அதிலுள்ள துகள்கள் பத்துப் பதினைந்து மைக்ரான் இருக்கும். இரு தளங்களும் வாய் முழுவதும் சந்திக்கும்வரை இந்தக் கல்லை விடக்கூடாது. அவசரப்பட்டு மெல்லிய கல்லுக்குப் போனால் நாள் முழுதும் தேய்த்தாலும் பயனில்லை. பிறகு வரும் கற்களின் வேலை, முந்தைய கல் போட்ட கீறல்களை அழித்து இன்னும் சிறிய கீறல்களைப் போடுவதுதான்.

இதற்குப் பேர்போன இயற்கைக் கல் ஒன்று பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் கிடைக்கிறது. கோட்டிக்யூல் என்று பெயர், மஞ்சள் நிறம். அதிலுள்ள கார்னெட் மணிகள் ஊசிபோல் இல்லாமல் பல முகங்களுடன் ஏறக்குறைய உருண்டையாக இருப்பதால் ஆழமாகக் கீறுவதில்லை.

கல் சமதளமாக இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் சமதளத்தை எப்படி உண்டாக்குவது? இரண்டு கற்களை ஒன்றோடொன்று உரசினால் ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் போய், இரண்டும் அழகாகப் பொருந்தியிருக்கலாம்! மூன்று கற்களை எடுத்து மாற்றி மாற்றி உரசினால் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும். அதற்குச் சமதளம் தவிர வேறு வழியில்லை. ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் 1840-இல் உலோகத் தகடுகளுக்கு விளக்கிய முறை இது.

சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுமே என்று கேட்பீர்கள். மெல்லிய வாய் சட்டென்று சூடாகிவிடும். எஃகு 300 பாகை செல்சியஸை எட்டி நீல நிறம் காட்டினால் அதன் கடினம் குறைந்துவிட்டது என்று பொருள். நல்ல எஃகைப் பாழாக்க அது எளிய வழி. மின்காந்த ஆராய்ச்சியால் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடேகூட, லண்டனில் கத்தி செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எஃகை ஆராய்ந்தார். அவர்கள் ஆராய்ந்தவற்றுள் இந்தியாவிலிருந்து சென்ற உருக்கு எஃகும் ஒன்று. தம் கலப்பு எஃகில் செய்த சவரக் கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசளித்ததும் உண்டு.

கூர் வந்துவிட்டதா என்று எப்படி அறிவது? விரலால் தடவிப் பார்க்காதீர்கள். கத்தியின் வாய் மேல்நோக்கி இருக்க, விளக்கின் கீழ் பெரியவர் ஒருவரைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். மழுங்கிய இடம் வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சிடும். அங்கே ஒளியைத் திருப்பியனுப்ப ஒரு பரப்பு இருக்கிறது. கூரான இடத்தில் ஒன்றும் தெரியாது. நாம் காணும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். நன்கு தீட்டிய வாயின் அகலம் 100 நானோமீட்டருக்கும் குறைவு. சாதாரண நுண்ணோக்கியாலும் அதைத் தெளிவாகக் காண முடியாது.

சமையலறைக் கத்தியில் நீங்களே ஒரு சோதனை செய்யலாம், வீட்டுப் பெரியவர் கூட இருக்கட்டும். வாயை ஒட்டிய சரிவில் ஸ்கெட்ச் பேனா மையைப் பூசுங்கள். கல்லில் இரண்டு முறை மெல்ல இழுத்துவிட்டுப் பாருங்கள். மை வாயருகே அழிந்திருந்தால் கோணம் சரி. சற்று மேலே மட்டும் அழிந்திருந்தால் கத்தியை அதிகம் படுக்க வைத்துவிட்டீர்கள்.

கல்லுக்குப் பிறகு தோல்வார். இங்கே திசை தலைகீழ்: முதுகு முன்னே செல்ல வேண்டும், வாய் பின்தொடர வேண்டும். மாறினால் தோல் அறுந்துபோகும். வாரைத் தொய்வாகப் பிடித்தால் தோல் நுனியைச் சுற்றி வளைந்து, பாடுபட்டுச் சேர்த்த இரு தளங்களையும் மறுபடி உருட்டிவிடும்.

எஃகைவிட மயிர் சுமார் 50 மடங்கு மென்மையானது. அப்படியிருக்க அது எப்படி எஃகை மழுங்கச் செய்கிறது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் இதை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டனர். அவர்களில் ஒருவர் தம் தாடியையே மழித்துப் பார்த்தார். வாய் வெறுமனே தேய்ந்து உருள்வதில்லை. மயிர் சாய்ந்து வளையும்போது, எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடங்களில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன. பெயர்ந்த சில்லை வாரால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. வார் ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் நுனியை நேராக்கி மெருகேற்றும். சில்லுகள் பெருகிவிட்டால், சில மாதங்களுக்கு ஒருமுறை, மறுபடி கல்லிடம்தான் போகவேண்டும்.