புதிய மடிக்கணனிக்கு எந்தக் காவல்?

பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கும் மடிக்கணனியில் காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம் முதலியவற்றின் பிரதிகளும் சேர்ந்துவிடும். அவற்றை வைரஸ்களிலிருந்து எப்படிக் காப்பது?

முதலில், கையில் இருப்பதைப் பாருங்கள். விண்டோஸ் 11 உள்ள கணனியுடன் மைக்ரோசொவ்ற் டிபென்டர் என்னும் வைரஸ் தடுப்பு இலவசமாகவே வருகிறது. சாதாரண வீட்டுப் பாவனைக்கு அது போதும்.

இரண்டாவதாக, சில புதிய கணனிகளில் மக்காபி, நோர்ட்டன் போன்றவை சிறிது காலத்திற்கு மட்டும் இலவசமாகப் போடப்பட்டிருக்கும். தவணை முடிந்ததும் பணம் கேட்கும். பயந்து கட்டவேண்டியதில்லை. அதை நீக்கிவிட்டால் டிபென்டர் தானாகவே காவலுக்கு வரும். ஒரே நேரத்தில் இரண்டு தடுப்புகளை இயக்கினால் ஒன்றையொன்று இடறும், கணனியும் மந்தமாகும்.

மூன்றாவதாக, விண்டோஸ் கேட்கும் புதுப்பித்தல்களைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதத்தில் வன்னாகிறை என்னும் வைரஸ் சுமார் 150 நாடுகளில் கணனிக் கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசொவ்ற் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணனிகளே பெரும்பாலும் அகப்பட்டன. விண்டோஸ் 10க்கான வழமையான இலவசத் திருத்தங்கள் 2025 ஒக்டோபரில் நின்றுவிட்டன. ஆகவே, வாங்கும்போதே எந்த விண்டோஸ் என்று கேளுங்கள்.

திருட்டு மென்பொருட்களைப் போடாதீர்கள்; வைரஸ் பல வேளைகளில் அவற்றோடுதான் வருகிறது.

எந்தக் காவலும் முழுமையானதல்ல. விதைநெல்லை வேறாக எடுத்துவைப்பதுபோல, முக்கிய பத்திரங்களின் பிரதியை ஒரு பென் ட்ரைவில் எடுத்து, கணனியிலிருந்து கழற்றி, பத்திரமாக வையுங்கள்.