பணம் இருந்தும் ஏடிஎம் கைவிரிப்பது ஏன்? நெல்லை வெள்ளம் காட்டிய நெட்வொர்க் சிக்கல்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டு, நெல்லை ஜங்ஷன் பகுதி வெள்ளக்காடானது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. பல ஊர்களில் கரண்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. சிக்னல் போனால் யுபிஐ ஆப்களும் படுத்துவிடும். கையில் ரொக்கம் இருந்தால்தான் பால் பாக்கெட். "உள்ளே பணம் இருக்குல்லா, மெஷின் தந்தா என்னவாம்?" என்று அப்போது கேட்கத் தோன்றும்.

தர முடியாது. உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது அந்த மெஷினுக்கே தெரியாது. நீங்கள் அழுத்தும் பின் நம்பர் கீபேடுக்குள்ளேயே ரகசியக் குறியீடாக மாறி, ரவுட்டர் வழியாக வங்கியின் 'சுவிட்ச்' எனும் மையக் கணினிக்குப் போகிறது. கார்டு வேறு வங்கியுடையது என்றால், நடுவில் என்பிசிஐ நடத்தும் நேஷனல் ஃபைனான்சியல் சுவிட்ச் அதை உரிய வங்கிக்குக் கடத்துகிறது. 'கொடுக்கலாம்' என்ற பதில் அதே வழியில் திரும்பினால்தான் மெஷின் நோட்டை எண்ணும்.

சிக்கலே இந்த வழியில்தான். ஏடிஎம்மில் இருந்து கேபிள், 4ஜி சிம், மாடியில் விசாட் எனும் சாட்டிலைட் டிஷ் என ஏதோ ஒன்றின் வழியாகத் தகவல் போகும். ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டுமே என்று இரண்டு இணைப்பு வைப்பதும் உண்டு. ஆனால் கேபிள் ஒரு கம்பெனி, சிம் இன்னொரு கம்பெனி என்றாலும், இரண்டும் ஒரே பாலத்தைத் தாண்டும் ஃபைபரை நம்பியிருந்தால்? பாலம் உடைந்தால் இரண்டும் காலி. என்னைக் கேட்டால், எத்தனை இணைப்பு என்பதைவிட எவையெல்லாம் ஒரே காரணத்தால் சாகும் என்பதே முதல் கேள்வி. டிஷ் தரைவழியை நம்பாது. ஆனால் கொட்டும் மழையில் அதன் சிக்னல் மங்கும். யுபிஎஸ் பேட்டரியோ சில மணி நேரம்தான். அதையும் தரையோடு வைத்திருந்தால் அதுகூடத் தாங்காது.

ஒவ்வொரு மெஷினும் உயிரோடு இருக்கிறதா என்று தொலைவில் இருந்து கண்காணிக்கிறார்கள். லைன் செத்தது உடனே தெரிந்துவிடும். ஆனால் சரிசெய்ய ஆள் நேரில் போக வேண்டும். ரோடே இல்லாதபோது எப்படிப் போவது?

பாதியில் லைன் அறுந்து, கணக்கில் கழிந்த பணம் கைக்கு வரவில்லையா? ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவுப்படி, பணம் எடுக்க முயன்ற நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் வங்கியே திருப்பி வரவு வைக்க வேண்டும். அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு; நீங்கள் கேட்காமலேயே தர வேண்டும். 30 நாளாகியும் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஸ்லிப் வராவிட்டால், மெஷின் மேல் ஒட்டியிருக்கும் ஏடிஎம் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.