கரும்பில் ஓடும் கார்

கோபி பக்கம் எங்களுக்குக் கரும்புக்காடு. "கரும்புல காரும் ஓடுமா கண்ணு?" என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

ஓடும், நண்பர்களே! சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடித்தால் எத்தனால். பெட்ரோலின் வெப்ப ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே இதற்குண்டு. ஆகவே மைலேஜ் குறையும். ஆனால் எஞ்சினுக்குள் பெட்ரோலைவிடக் கூடுதலாக அழுத்தினாலும் இது எளிதில் தானாக வெடிக்காது. எனவே டர்போ, காற்றைக் கூடுதலாகத் திணிக்கலாம்; திறன் பெருகும்.

சுவீடனின் சாப் நிறுவனம் 2005இல் விற்பனைக்குக் கொணர்ந்த 9-5 பயோபவர் கார், பெட்ரோலில் 150 குதிரைத்திறனும், 85 விழுக்காடு எத்தனாலில் 180உம் தந்தது. பின்னர் கூரை மடங்கும் 9-3 காரிலும் இம்முறை வந்தது.

நம் நாட்டிலோ 2025இல் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்தாயிற்று. டர்போ இல்லாத நம் ஸ்கூட்டருக்கு அந்த ஆதாயம் கிட்டாது.

1912இல் கோவையில் பிறந்த கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் 'கோ' ரகங்கள் நாடெங்கும் விளைந்தன. அதைப் பெருமையாகச் சொன்னேன். அப்பா சிரித்தார்:

"வண்டிக்கு ஊத்தறது சரி கண்ணு. கரும்புக்கு ஊத்தத் தடப்பள்ளி வாய்க்கால்ல வருசம் பூராத் தண்ணி வருமா?"

விடை தேட வேண்டியவர்கள் நாம்தாம்.