வண்டி வரும்வரை நெஞ்சை அழுத்துங்கள்

கடை வாசலில் மூட்டை இறக்குபவரோ, சாமான் வாங்க நின்ற பெரியவரோ திடீரெனச் சுருண்டு விழுந்தால் நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார். ஒருவர் சோடா உடைத்துக்கொண்டு ஓடி வருவார். இன்னொருவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார். இதயம் நின்றவருக்கு இவற்றால் பயனில்லை. நினைவற்றவர் வாயில் ஊற்றும் சோடா மூச்சுக்குழாயில் இறங்கினால் கேடுதான்.

இதயத் துடிப்பு நின்ற 4 முதல் 6 நிமிடங்களில் மூளை பழுதடையத் தொடங்கிவிடும். 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் தமிழகத்தில் இலவசமாக ஓடுகிறது. ஆனாலும் திருவாதவூர் போன்ற ஊருக்கு அந்தச் சில நிமிடங்களுக்குள் வண்டி வந்து நிற்கும் என்று நம்பியிருக்க முடியாது. இடைப்பட்ட நேரத்தில் உயிரைப் பிடித்து வைப்பதுதான் சி.பி.ஆர். எனும் நெஞ்சழுத்த முதலுதவி. 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த மூவர் இதை உலகறியச் செய்தனர். அவர்களில் கூவன்ஹோவன் மருத்துவரல்ல, மின் பொறியாளர்!

மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே இதயம் இருக்கிறது. மேலிருந்து அழுத்தினால் ரத்தம் மூளைக்குப் போகும். கையைத் தளர்த்தினால் இதயம் மீண்டும் நிரம்பும். ஆகவே ஒவ்வொரு முறையும் நெஞ்சை முழுதாக எழும்ப விட வேண்டும்.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, மூச்சில்லை என்றால் உடனே தொடங்கலாம். கரையில் போட்ட மீன் போல வாயைத் திறந்து திணறுவதை மூச்சு என்று எண்ணி ஏமாற வேண்டாம். மூட்டை மேலோ கட்டிலிலோ கிடத்தாமல் கட்டாந்தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மறு கையை அதன் மேல் கோத்து, முழங்கை மடியாமல் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 120 முறை அழுத்துங்கள். விலா எலும்பு விரிசல் விடக்கூடும்; அதற்கு அஞ்சி நிறுத்தாதீர்கள். மின்சாரம் தாக்கியிருந்தால், தொடுமுன் மெயினை அணைப்பது முதல் வேலை.

பயிற்சி பெறாதவர் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு அழுத்தம் மட்டுமே கொடுத்தால் போதும் என்று இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட வழிமுறை கூறுகிறது. நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் மூச்சும் தர வேண்டும். அதை நேரில் பழகிக்கொள்வதே முறை.

மருத்துவமனைக் குழுவினர் 10 விநாடிக்குள் நாடி பார்த்து, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு எனப் பையால் காற்றுச் செலுத்துவார்கள். நாம் பின்பற்றத் தக்கது அவர்களின் வேலைப் பங்கீடு. ஒருவர் தலைமையேற்றுச் சொல்ல, மற்றவர்கள் செய்வார்கள். கை ஓய்ந்தால் ஆழம் குறையுமாதலால் அழுத்துபவரை 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். கடையிலும் ஒருவர் அழுத்த, ஒருவர் 108ஐ அழைக்க, ஒருவர் கூட்டத்தை விலக்கித் தெருமுனையில் வண்டிக்கு வழிகாட்டலாம்.

படித்தால் மட்டும் இது கைவராது. பொம்மை மீது அழுத்திப் பார்க்க வேண்டும். ஓரிரு மணி நேரம் போதும். சங்கங்கள் அரசு மருத்துவர்களை அணுகி ஏற்பாடு செய்யலாம். முதலாளி மட்டும் வராமல் பணியாளரையும் அழைத்து வாருங்கள். விழுபவர் முதலாளியாகவும் இருக்கலாமே!