தானியத்துக்குப் போட்ட தடை

ஒரு நாட்டின் போக்குப் பிடிக்காவிட்டால் அதற்குப் போகும் சரக்கை நிறுத்துவது வல்லரசுகளின் வழக்கம். அந்தச் சரக்கு தானியமானால் உழுதவனுக்கும் அதில் அடி உண்டு.

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. 1980 ஜனவரி 4-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர், சோவியத் நாட்டுக்குப் போகவிருந்த 1 கோடியே 70 லட்சம் டன் தானியத்தை நிறுத்தினார். 1975 ஒப்பந்தப்படி தரவேண்டிய 80 லட்சம் டன்னுக்கு மட்டும் தடையில்லை. நிறுத்தியதில் பெரும்பகுதி மாட்டுக்கும் கோழிக்கும் போடும் மக்காச்சோளம். ரொட்டி குறையாது, இறைச்சி குறையும் என்பது கணக்கு.

கணக்கு தப்பியது. தடையில் சேர மறுத்த அர்ஜென்டினா, கூடுதல் விலைக்குத் தன் தானியத்தைச் சோவியத்துக்கு அனுப்பியது. வழக்கமாக அர்ஜென்டினாவிடம் வாங்கியவர்கள் அமெரிக்காவிடம் வந்தார்கள். சரக்கு கைமாறியதே தவிர, சோவியத் துறைமுகங்கள் காலியாகவில்லை.

அமெரிக்காவிலோ தானியச் சந்தையை இரண்டு நாள் மூடவேண்டி வந்தது. திறந்ததும் விலை சரிந்தது. ஏற்றுமதிக் கம்பெனிகளின் ஒப்பந்தங்களை அரசே ஏற்று, தானியத்தையும் வாங்கிக் குவித்தது. அப்படியும் விவசாயிகளின் கோபம் அடங்கவில்லை. அவர்களைக் கேட்டா தடை போட்டார்கள்? தேர்தலில் வாக்களித்தபடி, அடுத்து வந்த ரீகன் 1981 ஏப்ரல் 24-ல் தடையை நீக்கினார். சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறியது 1989 பிப்ரவரியில்தான்.

1983-ல் இரு நாடுகளும் புதிய தானிய ஒப்பந்தம் செய்துகொண்டன. அதற்குள் சோவியத் நாடு பல இடங்களில் தானியம் வாங்கப் பழகிவிட்டது.