பழைய லேப்டாப்பை தூக்கிப் போடாதீங்க! ஒரு பென் டிரைவ் இருந்தால் போதும்

ஸ்ரீபெரும்புதூர்,

ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை பகுதிகளில் வேலை பார்க்கும் தொழிலாளர்கள் பலரது வீட்டிலும், ரூமிலும் ஒரு பழைய லேப்டாப் இருக்கும். பி.எப். கணக்கு பார்ப்பது, வேலைக்கு விண்ணப்பிப்பது, பிள்ளைகளின் சான்றிதழ், குடும்ப போட்டோ எல்லாம் அதில்தான். ஆனால் அந்த லேப்டாப்புக்கு காவல் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

விண்டோஸ் 7-க்கு 2020-ம் ஆண்டு ஜனவரி 14-ந்தேதியோடும், விண்டோஸ் 10-க்கு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந்தேதியோடும் மைக்ரோசாப்ட் நிறுவனம் வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தி விட்டது. (பதிவு செய்த விண்டோஸ் 10 வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை அவகாசம் அறிவிக்கப்பட்டது.) அப்டேட் வராத லேப்டாப் ஓடத்தான் செய்யும். ஆனால் புதிதாக கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது.

ஒரகடத்தையும் விடவில்லை

ஓட்டையை அடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த பகுதி ஏற்கனவே பார்த்திருக்கிறது. 2017-ம் ஆண்டு மே 12-ந்தேதி ‘வான்னாகிரை’ என்ற வைரஸ் உலகத்தையே கலக்கியது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் இருந்த பைல்களை பூட்டி வைத்துக்கொண்டு, “300 டாலர் கொடுத்தால்தான் திறப்போம்” என்று மிரட்டியது. ஒரகடத்தில் உள்ள ரெனால்ட்-நிஸ்ஸான் கார் தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்தி வெளியானது.

இதில் வேதனை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் 2 மாதம் முன்பே, மார்ச் மாதமே வந்து விட்டது. அதை போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

நம்ம ஊர் ‘பாஸ்’

புது லேப்டாப் வாங்க காசு இல்லை, என்ன செய்வது? விண்டோசுக்கு பதிலாக லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம். இது இலவசம். இதில் ஒன்றுதான் ‘பாஸ்’. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது. 2007-ல் வெளிவந்தது. தமிழிலும் பயன்படுத்தலாம்.

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோசுடன் இந்த பாசும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. பலர் அதை திறந்துகூட பார்க்கவில்லை! ராணுவ அமைச்சகமும் 2023-ல் இன்டர்நெட் இணைப்புள்ள தனது கம்ப்யூட்டர்களில் விண்டோசுக்கு பதில் ‘மாயா’ என்ற லினக்சை கொண்டுவர முடிவு செய்தது குறிப்பிடத்தக்கது.

எதையும் அழிக்காமல் பார்ப்பது எப்படி?

* 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று எடுங்கள். அதில் இருப்பது எல்லாம் அழிந்து விடும் என்பதால் காலி பென் டிரைவ் நல்லது.

* பாஸ் லினக்சின் சொந்த இணையதளத்தில் மட்டும் டவுன்லோடு செய்யுங்கள். ‘ரூபஸ்’ என்ற இலவச சாப்ட்வேர் மூலம் அதை பென் டிரைவில் ஏற்றுங்கள்.

* லேப்டாப்பை ஆப் செய்து, பென் டிரைவை செருகி, ஆன் செய்தவுடன் எப்12 பட்டனை தட்டுங்கள். சில கம்பெனி லேப்டாப்பில் எப்9 அல்லது எஸ்கேப் பட்டன்.

* வரும் பட்டியலில் பென் டிரைவை தேர்வு செய்து, ‘லைவ்’ என்பதை அழுத்துங்கள். ‘இன்ஸ்டால்’ பக்கம் கை போகக்கூடாது. போனால் உள்ளே இருக்கும் பைல்கள் அழிந்து விடலாம்.

வை-பை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, பிரிண்டர் ஓடுகிறதா என்று 2 நாள் பாருங்கள். பென் டிரைவில் ஓடுவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். பிடிக்கவில்லையா? ஆப் செய்து பென் டிரைவை உருவி விட்டால் பழையபடி விண்டோஸ் வந்து விடும். பிடித்திருந்தால் போட்டோ, சான்றிதழ்களை வேறு இடத்தில் காப்பி எடுத்து வைத்த பிறகே இன்ஸ்டால் செய்யுங்கள். அதன் பிறகு லினக்சுக்கும் அப்டேட் தவறாமல் போட வேண்டும்.

இதை மறக்காதீங்க

‘டெயில்ஸ்’ என்று இன்னொரு லினக்ஸ் உண்டு. லேப்டாப்பில் எந்த தடயமும் விடாது. ஆனால் வெளிநாட்டில் இருந்து நுழைவதுபோல் காட்டும் என்பதால் பேங்க் இணையதளங்கள் தடுத்து விடலாம். குடும்ப உபயோகத்துக்கு அது தேவையில்லை. கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் இந்த சோதனை எதுவும் வேண்டாம், வேலைக்கே பிரச்சினையாகி விடும். டேலி போன்ற விண்டோஸ் சாப்ட்வேர்கள் லினக்சில் நேரடியாக ஓடாது.

முக்கியமான ஒன்று. எந்த லினக்ஸ் போட்டாலும், ஓ.டி.பி.யை நாமே போனில் சொல்லி விட்டால் காப்பாற்ற முடியாது. பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்கு பணத்தை தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.