வலுக்கூட்டிய டர்போ லொறியும் பழைய எண்ணெய்ப் பரிசோதனையும்

கண்டி நகரைச் சூழ்ந்த மலைநாட்டில் விளையும் மரக்கறி சந்தைக்குச் செல்வது பெரும்பாலும் லொறியிலேயே. கோவா, லீக்ஸ், கரட், போஞ்சி ஆகியன உரிய நேரத்தில் சந்தையை அடைந்தால்தான் உரிய விலை கிடைக்கும் என்பதைக் கமக்காரர் யாவரும் அறிவர். நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாகப் பேராதனைக்கு வரும் பாதையிலோ, கடுகண்ணாவைக் கணவாயிலோ இயந்திரம் உடைந்து லொறி நின்றுவிடுமாயின், வாடிப்போவது ஒரு சுமை மரக்கறி மட்டுமன்று. ஒரு போகத்தின் உழைப்பும் அதனோடு வாடும். இயந்திரத்தைத் திருத்தும் செலவோ அந்தப் போகத்தின் இலாபம் முழுவதையும் விழுங்கக்கூடியது.

இத்தகைய இழப்பு எல்லா வேளைகளிலும் திடீரென வருவதில்லை. பெரும்பாலும் இயந்திரம் முன்னதாகவே எச்சரிக்கை செய்கின்றது. அவ்வெச்சரிக்கை அதன் பழைய மசகெண்ணெயில் இருக்கின்றது. அதனை வாசிக்கும் முறையை, சிறப்பாக வலுக்கூட்டிய டர்போ லொறிகளை வைத்திருப்போருக்கு, இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

டர்போவும் வலுக்கூட்டலும்

சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூகி 1905 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அமைப்பிலிருந்து வளர்ந்ததே இன்றைய டர்போ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அமுக்கி இயந்திரத்துள் செலுத்துகின்றது. சிறிய லொறிகளில் இத்தண்டின் வேகம் நிமிடத்திற்கு ஒரு இலட்சம் சுற்றுகளையும் தாண்டும். தண்டையும் அதன் பெயரிங்கையும் ஒன்றோடொன்று உரசாமற் காப்பது தலைமயிரிலும் மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலமே.

ஏற்றங்களில் சுமையுடன் விரைவாக ஏறுவதற்காகச் சிலர் இவ்வியந்திரங்களின் வலுவைக் கூட்டிக்கொள்கின்றனர். பழைய மாதிரி லொறிகளில் டீசல் பம்பியின் திருகைக் கூட்டியும், புதிய மாதிரிகளில் இயந்திரத்தை ஆளும் கணினிப் பெட்டியின் கட்டளைகளை மாற்றியும் இது செய்யப்படுகின்றது. இரண்டிலும் நிகழ்வது ஒன்றே: ஒவ்வொரு அடிப்பிலும் கூடுதலான டீசல் செலுத்தப்படுகின்றது. அந்த டீசல் முழுவதும் எரிவதற்குப் போதிய காற்று இல்லையெனில் கரும்புகை எழும். புகைக்கரி எண்ணெயில் சேரும். எரியாத டீசல் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து எண்ணெய்த் தொட்டியில் இறங்கும்.

மலைநாட்டில் இத்தீங்கு மிகும். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியாவோ சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையிலும் பார்க்க ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆகவே, கொழும்பில் புகையின்றி ஓடுமாறு கூட்டப்பட்ட லொறி, றம்பொடைக்கு மேலே கரும்புகை கக்குவது வியப்பன்று.

எண்ணெயை ஆராயும் முறை எவ்வாறு தோன்றியது?

1946 ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் மலைப்பாதைகளில் ஓடிய டென்வர் – ரியோ கிராண்டே வெஸ்டர்ன் ரயில்வே, தனது டீசல் இயந்திரங்களின் பழைய எண்ணெயை நிறமாலைமானியினால் ஆராயத் தொடங்கிற்று. எண்ணெயைச் சுடரிலோ மின்பொறியிலோ எரிக்கும்போது அதிலுள்ள ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய ஒளியைத் தரும். அவ்வொளியை அளந்து, எண்ணெயின் பத்து இலட்சம் பங்கில் எத்தனை பங்கு இரும்பு, எத்தனை பங்கு செம்பு என்று கூற முடிகின்றது. இயந்திரத்தைக் கழற்றாமலே அதனுள் தேயும் பகுதி எதுவென ஊகிக்க இம்முறை உதவிற்று. பின்னர் இது ஆகாய விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் லொறிகளுக்கும் பரவியது.

அறிக்கையிலுள்ள மூன்று பிரிவுகள்

முதலாவது, தேய்வு உலோகங்கள். இரும்பு சிலிண்டர், கிராங், பற்சக்கரம் ஆகியவற்றிலிருந்து வருவது. அலுமினியம் பெரும்பாலும் பிஸ்டனிலிருந்தும், குரோமியம் ரிங்கிலிருந்தும் வரும். செம்பு, ஈயம், வெள்ளீயம் ஆகியன பெயரிங்குகளைக் குறிக்கும். எனினும் புதிய இயந்திரத்தில் எண்ணெயைக் குளிர்விக்கும் கருவியிலிருந்தும் செம்பு வரலாம். ஈயமில்லாத பெயரிங் பூட்டிய இயந்திரத்தில் பெயரிங் தேய்ந்தாலும் ஈயம் தோன்றாது.

இரண்டாவது, அந்நியப் பொருள்கள். சிலிக்கனும் அலுமினியமும் சேர்ந்து உயர்ந்தால் மண்தூசி உட்புகுகின்றது என்று பொருள்; காற்று வடிகட்டியையும் அதன் குழாய் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். சிலிக்கன் மாத்திரம் உயர்ந்திருப்பின், அண்மையில் பூசிய இணைப்புப் பசையும் காரணமாகலாம். சோடியம், பொட்டாசியம் ஆகியன உயர்ந்தால் ரேடியேற்றரின் குளிர்த்தி நீர் எண்ணெயில் கலப்பதாக ஐயுற வேண்டும். நீரின் அளவு நூற்றுக்கு 0.2 வீதத்தை எட்டுமாயின் தாமதிக்கலாகாது. டீசல் கலப்பும் புகைக்கரியும் இப்பிரிவைச் சேர்ந்தவையே.

மூன்றாவது, எண்ணெயின் நிலை. பாகுத்தன்மை என்பது எண்ணெய் எவ்வளவு தடிப்பாக ஓடுகின்றது என்பதன் அளவு. லொறிகளில் பெரிதும் பாவிக்கப்படும் 15டபிள்யூ-40 எண்ணெய்க்கு 100 பாகை செல்சியசில் இது 12.5 முதல் 16.3 சென்ரிஸ்ரோக் வரை இருத்தல் வேண்டும். கார எண் என்பது அமிலத்தை அடக்க எண்ணெயில் எஞ்சியுள்ள ஆற்றலைக் காட்டும். அது புதிய எண்ணெயிலுள்ள அளவின் பாதிக்கு இறங்கினால் எண்ணெயை மாற்றும் காலம் வந்துவிட்டது எனலாம்.

வலுக்கூட்டிய லொறியில் முதலில் பார்க்க வேண்டியது

அறிக்கை கைக்கு வந்ததும் பலர் இரும்பின் அளவையே தேடுவர். வலுக்கூட்டிய லொறிக்கு இது போதாது. உலோகம் தோன்றும்போது தேய்வு தொடங்கிவிட்டது. அதற்கு முன்னரே காரணத்தைக் காட்டுவன டீசல் கலப்பும் புகைக்கரியுமே. எனவே அவ்விரண்டையும் முதலில் வாசித்து, பின்னரே உலோகங்களுக்குச் செல்ல வேண்டும்.

பொதுவாக டீசல் கலப்பு நூற்றுக்கு 2 வீதத்தைத் தாண்டினால் கவனம் தேவை. 5 வீதத்தை அடைந்தால் எண்ணெயை உடனே மாற்றிக் காரணத்தையும் நீக்க வேண்டும். புகைக்கரி 2 முதல் 3 வீதத்தை நெருங்கும்போதே விசாரணை தொடங்குவது நன்று. அந்தந்த இயந்திரத்திற்கு அதன் உற்பத்தியாளர் வேறு எல்லை விதித்திருப்பின் அதுவே பின்பற்றத்தக்கது.

இங்கே ஒரு பெரும் மயக்கம் உண்டு. டீசல் கலந்தால் எண்ணெய் நீர்த்துப்போகும். புகைக்கரி சேர்ந்தால் எண்ணெய் தடிக்கும். இரண்டும் ஒருங்கே நிகழும்போது ஒன்றன் குறையை மற்றொன்று மறைத்து, பாகுத்தன்மை சரியாக இருப்பதுபோலத் தோன்றும்.

ஓர் உதாரணம்

விளக்கத்தின் பொருட்டு அமைத்த ஓர் உதாரணத்தைக் காண்போம். ஒரே லொறியிலிருந்து, 15டபிள்யூ-40 எண்ணெய் 5,000 கிலோமீற்றர் ஓடியபின், இரு முறை மாதிரி எடுக்கப்பட்டதாகக் கொள்வோம். உலோகங்கள் பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு எனத் தரப்பட்டுள்ளன.

வலுக்கூட்டுமுன்: இரும்பு 28, ஈயம் 4, அலுமினியம் 5, சிலிக்கன் 8, டீசல் 1 வீதம், புகைக்கரி 0.8 வீதம், பாகுத்தன்மை 14.2.

வலுக்கூட்டியபின்: இரும்பு 41, ஈயம் 9, அலுமினியம் 7, சிலிக்கன் 9, டீசல் 4.5 வீதம், புகைக்கரி 2.6 வீதம், பாகுத்தன்மை 13.9.

இரண்டாம் அறிக்கையைத் தனியே பார்ப்பவர், பாகுத்தன்மை எல்லைக்குள் உள்ளது, இரும்பும் அதிகமில்லை என்று எண்ணி லொறியை மீண்டும் சுமையேற்றி அனுப்பக்கூடும். இரண்டையும் ஒப்பிடுபவருக்கு உண்மை புலப்படும். சிலிக்கன் உயரவில்லை, ஆகவே தூசி காரணமன்று. டீசல் நான்கு மடங்கிற்கு மேலும் புகைக்கரி மூன்று மடங்கிற்கு மேலும் கூடியுள்ளன. பாகுத்தன்மை மாறாதது அவை ஒன்றையொன்று மறைத்தமையினாலேயே. ஈயம் இரட்டிப்புக்கு மேலாகியது பெயரிங்கின் மேற்பூச்சு தேயத் தொடங்கியதன் குறி. இந்த லொறி உடையும் தறுவாயில் இல்லை. ஆனால் உடைவுக்குச் செல்லும் வழியில் இறங்கிவிட்டது.

ஆகவே ஒரு தனி எண்ணைக்கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. முன்னைய அறிக்கையோடும், அதே அறிக்கையிலுள்ள ஏனைய எண்களோடும் ஒப்பிட்டே பொருள் கொள்ள வேண்டும். வலுக்கூட்டுமுன் ஒரு மாதிரி எடுத்து வைத்திருத்தல் இதனாலேயே மிகப் பயனுடையது.

பரிகாரம்

இத்தகைய அறிக்கை வந்தால் சிலர் இன்னும் தடித்த எண்ணெயை வாங்கி ஊற்றுவர். இது நோயை விட்டு நோயின் குறியை மறைப்பதாகும். டீசல் தொடர்ந்து கலந்துகொண்டிருக்கும்வரை தடித்த எண்ணெயும் நீர்த்தே போகும். செய்யத்தக்கன வருமாறு: எண்ணெயையும் வடிகட்டியையும் உடனே மாற்றுதல், டீசல் நொசில்கள் ஒழுகுகின்றனவா எனச் சோதித்தல், காற்று வடிகட்டியும் டர்போக் குழாய்களும் அடைப்போ கசிவோ இன்றி இருக்கின்றனவா எனப் பார்த்தல், கூட்டிய டீசல் அளவை உற்பத்தியாளர் விதித்த அளவுக்குக் குறைத்தல். அதன்பின் 2,000 அல்லது 3,000 கிலோமீற்றரில் மீண்டும் ஒரு மாதிரி அனுப்பி, எண்கள் இறங்கினவா என உறுதிசெய்ய வேண்டும். ஏற்றத்தில் சில நிமிடங்கள் தாமதமாவது நட்டமன்று. இயந்திரம் நிற்பதே நட்டம்.

மாதிரி எடுத்தல்

பிழையாக எடுத்த மாதிரி பிழையான அறிக்கையையே தரும். லொறி ஓடி வந்து எண்ணெய் சூடாக உள்ளபோதே மாதிரி எடுக்க வேண்டும். எண்ணெயை வடிக்கும்போது முதலில் விழுவதையும் இறுதியில் விழுவதையும் தவிர்த்து, இடையில் ஓடுவதைச் சுத்தமான, ஈரமில்லாத போத்தலில் சுமார் 100 மில்லிலீற்றர் பிடித்து இறுக மூட வேண்டும். இயந்திரம் ஓடிய மொத்தக் கிலோமீற்றர், அந்த எண்ணெய் ஓடிய கிலோமீற்றர், எண்ணெயின் வகை, இடையில் ஊற்றிய எண்ணெயின் அளவு, திகதி ஆகியவற்றை எழுதி ஒட்டுதல் அவசியம். 8 லீற்றர் கொள்ளும் இயந்திரத்தில் இடையே 2 லீற்றர் புது எண்ணெய் ஊற்றியிருந்தால் உலோகங்கள் உள்ளதிலும் குறைவாகத் தோன்றும். அதனைக் குறிப்பிடாவிடின் ஆய்வுகூடத்தாரும் ஏமாறுவர். பரிசோதனைக்கு அனுப்பும் வழியை, மசகெண்ணெய் வாங்கும் கம்பனியின் முகவரிடம் விசாரித்து அறியலாம்.

பரிசோதனை காட்டாதவை

நிறமாலைமானி மிக நுண்ணிய துகள்களையே காணும். ஏறத்தாழ 5 முதல் 10 மைக்குரோனுக்கு மேற்பட்ட துகள்களை அது தவறவிடும். பெயரிங் செதிலாக உடையும்போது அறிக்கை நன்றாகவே இருக்கலாம். எனவே எண்ணெய் மாற்றும்போதெல்லாம் பழைய வடிகட்டியை அறுத்து, அதன் மடிப்புகளில் மினுங்கும் உலோகத் துகள் உண்டா எனப் பார்த்தல் வேண்டும். டர்போவின் சக்கரத்தில் உண்டாகும் வெடிப்பையும், புகை அளவு மீறிச் சூடாவதையும் எண்ணெய் கூறாது.

நாளாந்தம் வீட்டிலேயே அறியக்கூடிய குறியும் ஒன்றுண்டு. அளவுகோலில் எண்ணெய் குறையாமலிருந்தால் பலர் மகிழ்வர். எண்ணெய் ஊற்றாமலே மட்டம் உயர்ந்திருந்தால், டீசலோ நீரோ இறங்குகின்றது என்பதே பொருள். அவ்வாறான லொறியைச் சுமையேற்றி அனுப்பலாகாது. மேலும், நீண்ட ஏற்றம் ஏறியவுடன் இயந்திரத்தை நிறுத்தினால் டர்போத் தண்டைச் சூழ்ந்த எண்ணெய் கருகிக் கட்டியாகும்; இரண்டு மூன்று நிமிடம் சுமையின்றி ஓடவிட்டு நிறுத்துவது நன்று.

கழிவெண்ணெய்

வடித்த எண்ணெயை வயலிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது. மகாவலியின் கிளையாறுகளை அண்டிய நிலங்களில் இது குடிநீரையும் கெடுக்கும். பழைய எண்ணெய் தோலுக்கும் தீங்கானது. கையுறை அணிந்து, பின் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். மூடிய கலனில் சேர்த்துக் கழிவெண்ணெய் பொறுப்பேற்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. வலுக்கூட்டிய லொறியில் டீசல் கலப்பையும் புகைக்கரியையும் முதலில் வாசிக்கவும். உலோகத்தைப் பின்னர் வாசிக்கவும்.
2. பாகுத்தன்மை சரியாக இருப்பது மட்டும் நலத்தின் சான்றாகாது.
3. ஒரே தூரத்தில், ஒரே முறையில் மாதிரி எடுத்து, அறிக்கைகளை ஒரு கோவையில் சேர்த்து வைக்கவும்.
4. எண்ணெயைத் தடிப்பாக்குவது பரிகாரமன்று. மிகுதியான டீசலைக் குறைப்பதே பரிகாரம்.
5. வடிகட்டியை அறுத்துப் பார்க்கத் தவற வேண்டாம்.

மண்ணைப் பரிசோதித்து உரமிடுபவர் வீண்செலவைத் தவிர்க்கின்றார். அவ்வாறே எண்ணெயைப் பரிசோதித்து லொறியை ஓட்டுபவர், தம் விளைச்சல் நடுவழியில் வாடாமற் காத்துக்கொள்ளலாம்.